ஆறு மணி முதல் எட்டு மணி வரை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் தோத்திரத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறோம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இது கொஞ்சம் நீளமான கடிதம். ஒரே மூச்சில் படிக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துப் படியுங்கள்.

போன வாரம் தொலைபேசியில், "அங்க சபையில ஏதோ தகராறாமே?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிப் பேச்சை உங்கள் இரத்த அழுத்தத்தின் பக்கம் திருப்பிவிட்டேன். நான் சொன்னது பொய். தகராறு நடந்தது. முடிந்தும் விட்டது. உங்கள் மகள் ஜெயித்தாள். அப்படி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, "அதென்ன பந்தயமா?" என்பாள். ஆகவே அவள் வீடுகளைச் சந்திக்கப் போயிருக்கும் நேரத்தில், என் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறை மேசையில் ஸ்குரு டிரைவர்களை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போதகராகக் குருப்பட்டம் பெற்று இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து அவள் கால் தரையில் நிற்கவில்லை. முந்நூறு குடும்பம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள், வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் அவள், மாமியார் மருமகள் சண்டை முற்றினால் அவள். எங்களைப் பார்த்தால் இங்குள்ளவர்களுக்கு முதலில் ஒரு குழப்பம் இருந்தது. போதகரின் மனைவியைப் போதகரம்மா என்று கூப்பிட்டுப் பழகியவர்கள், போதகரே அம்மாவாக வந்துவிட்டதால் என்னை என்ன செய்வது என்று தெரியாமல் "போதகரய்யா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் என்னை ஜெபிக்கச் சொன்னபோது, "நான் ஃபிரிட்ஜுக்கு மட்டுந்தாங்க" என்று சொல்லித் தப்பித்தேன்.

இது சிரிப்பு. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. உங்கள் பேத்தி ஒரு நாள் சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பேசிக்கொண்டிருந்தாள். "சரிங்க, ஜெபிச்சிக்கிறேன். சரிங்க, ஜெபிச்சிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிப் பெட்டியைக் கீழே வைப்பாள், உடனே மறுபடியும் எடுப்பாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். "அம்மா விளையாட்டு" என்றாள். உங்கள் மகள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சபையைச் சேர்ந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வாடிக்கையாளர் புகார் கேட்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஸ்கூட்டரில் கூட்டிப் போன நானும் கட்டிலருகே நின்றேன். உங்கள் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். நல்ல ஜெபம்தான், ஒரு சொல் தடுக்கவில்லை. ஆமென் சொன்ன பிறகு அந்தப் பெண் கையை விடாமல், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு நாளைக்கு இருநூறு பேர்கிட்ட ஃபோன்ல பேசுறவ நான். லைன் கட்டானது தெரியாம பேசிட்டே போறவங்க குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க நல்லா இருக்கீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளி என்பதால் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் மகள் அவள் நெற்றியைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசற்படியில், செருப்பு விடுகிற இடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க சொன்னது சரிதாங்க. நான் ஜெபம் பண்ணி ஏழு மாசமாச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "நேத்துகூட நாலு வீட்டுல ஜெபிச்சியே?" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

மாமா, என் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், மோட்டார் சத்தமும் கேட்கும். வீட்டுக்காரர் நன்றாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். கையை உள்ளே வைத்தால்தான் குளிர் இல்லை என்பது தெரியும். பக்கத்திலேயே இருந்த நான் கையை வைத்துப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் போதகர் ஒருவர் உண்டு. போதகருக்கு யார் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அந்த வாரம் அவள் உங்களுக்குத் தொலைபேசினாள். உங்களுக்கு நினைவிருக்கும். "ஊழியம்னா அப்படித்தாம்மா. எனக்கும் அப்படித்தான். நிக்காம ஓடிக்கிட்டே இரு, அதுபாட்டுக்குப் பழகிடும்" என்று சொன்னீர்கள். குறையாக எழுதவில்லை, மாமா. நாற்பது வருடம் போதகராக ஓடியவர் தனக்குத் தெரிந்த வழியைத்தானே சொல்ல முடியும். பேசி முடித்த பிறகும் அவள் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். "அப்பாவுமா?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் ஒரு முடிவு எடுத்தாள். தினமும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அவள் எங்கள் சபைக் கோவிலில் தனியாக இருப்பாள், தன் ஜெபத்துக்காக. கூட்டம் இல்லை, சந்திப்பு இல்லை, தொலைபேசி என்னிடம். சாவு, விபத்து என்றால் நான் போய்க் கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் எட்டுக்குப் பிறகு. பேத்தியைப் பள்ளிக்குக் கிளப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. தலை வாரி விடுவதற்கு நான் ஒரு வாரம் படித்தேன். இப்போதும் வகிடு கோணல்தான்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. வேதத்தைத் திறந்தால் எந்த வசனமும் வசனமாகத் தெரியவில்லையாம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பிரசங்கக் குறிப்பாகவே பிரிந்து நிற்குமாம். "சாப்பாட்டைப் பார்த்தா பசிக்கணும். எனக்குப் பரிமாறத்தான் தோணுது" என்றாள். நோட்டையும் பேனாவையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் தூக்கம். ஒரு நாள் சாவி கொடுக்கப் போனேன். கடைசி பெஞ்சில் கைப்பையைத் தலைக்கு வைத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. எட்டு மணிக்குக் கன்னத்தில் பையின் ஜிப் அடையாளத்தோடு வந்தவள், "இதுக்கா எல்லாரையும் நிறுத்தி வச்சு ரெண்டு மணி நேரம் எடுத்தேன்?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ரெண்டு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கு, ஆண்டவர் முதல்ல அதைக் கொடுக்கிறாரோ என்னவோ என்று சொன்னேன். அவளை விட எனக்குத்தான் அது ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏங்க, எனக்காக ஒரு தடவை ஜெபிங்களேன்" என்றாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்காத ஒன்று. நான் வாய் திறந்து ஜெபித்ததே கிடையாது. உங்கள் முன்னால் சாப்பாட்டு ஜெபம் சொல்லச் சொன்னபோதுகூட இருமித் தப்பித்தவன் நான். கையில் சீப்பு, பக்கத்தில் பாதிப் பின்னலோடு பேத்தி. "ஆண்டவரே, இவ களைச்சுப் போயிட்டா. கொஞ்சம் பாத்துக்கோங்க. ஆமென்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அழுதுகொண்டே போனாள்.

அன்றைக்கு எட்டு மணிக்கு வந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கண் வீங்கியிருந்தது. ஆனால் அடுப்படிக்கு வந்து நின்று, மூன்று ரொட்டித் துண்டு சாப்பிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரமும் ஆண்டவரோட சண்டை. வந்த நாள்லேருந்து இருக்கிறதையெல்லாம் கேட்டுட்டேன்."

"என்ன பதில் வந்துச்சு?"

"பதில் இன்னும் வரல. ஆனா ஆள் இருக்காருங்க" என்றாள்.

மாமா, அதற்குப் பிறகு எனக்குக் கவலை இல்லாமல் போயிற்று. அவள் குரல் மாறியது. பிரசங்கம் நாற்பது நிமிடத்திலிருந்து இருபதுக்கு இறங்கியது. சிலர் அதற்காகவே தோத்திரம் சொன்னார்கள் என்று கேள்வி.

இப்போது தகராறுக்கு வருகிறேன். தவறு என்னுடையது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் சபைச் செயலாளர் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஆணி என்ன விலை என்று கேட்டால் பதிலும் ஆணி மாதிரியே வரும். அவருடைய அம்மா நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் பிரிந்துவிட்டார்கள். அவர் போதகருக்கு ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார். தொலைபேசி என் சட்டைப் பையில். அன்று பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் ஒரு பேக்கரியின் மொட்டை மாடியில், குளிர் அறையின் மோட்டாருக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்குக் கீழே இறங்கித்தான் தொலைபேசியைப் பார்த்தேன். கோவிலுக்கு ஓடினேன். எட்டு ஐந்துக்கு அவரது வீட்டு வாசலில் நின்றோம். அவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"எங்க அம்மா போற நேரத்துல தலைமாட்டுல ஒரு ஜெபம் இல்ல. போதகரம்மாவுக்குத் தனியா ஜெபம் பண்ண நேரம் இருக்கு" என்றார். கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும்.

அவள் அடக்கத்தை நடத்தினாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவருடைய கடைக்குப் போனாள். அவர் கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்திருப்பார். இவள் ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். வசனம் சொல்லவில்லை, சமாதானமும் பேசவில்லை. ஒன்பதாவது நாள் அவர் ஒரு டம்ளர் தேநீரை இவள் பக்கம் நகர்த்தி வைத்தாராம். ஆனாலும் போதகரைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தவர் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. போதகரை மாற்றக் கோரும் தீர்மானத்துக்குச் சபைக் கூட்டம் கூட்டினார்.

அந்த நாட்களில் நான் கோழையாகிவிட்டேன், மாமா. இந்த ஆண்டு பள்ளியில் சேர்த்த பிள்ளை, இப்போதுதான் கொஞ்சம் வாடிக்கை பிடித்த பட்டறை. "அந்த ரெண்டு மணி நேரத்தை விட்டுடு. வீட்டுலயே அரை மணி நேரம் ஜெபி. ஊரோட ஒத்துப் போவோம்" என்று கெஞ்சினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இதை விட்டுட்டு இங்க இருந்தா இவங்களுக்கு நான் எதுக்குங்க? கொடுக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கும்?" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். மறுநாளிலிருந்து ஒரே ஒரு மாற்றம் செய்தாள். கோவிலின் பக்கவாட்டுக் கதவைத் தாழ் போடாமல் வைத்தாள். அவசரமானவர்கள் நேராக வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடலாம்.

கூட்டம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கோவிலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை, சண்டைக்கு வருகிற ஜனம் பிரசங்கத்துக்கு வருமா! செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். நான் எழுந்து தப்பு என்னுடையது, ஃபோன் என் பையில் இருந்தது என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு உங்கள் மகள் எழுந்தாள். பிரசங்க மேடைக்குப் போகவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு நேரத்துக்கு வரலைங்கிறதுக்காகச் செயலாளர்கிட்டயும் அவர் குடும்பத்துகிட்டயும் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நேரத்தை ஒதுக்கினதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன்னு சொல்றேன். ஏழு மாசம் நான் உங்க வீட்டுல எல்லாம் ஜெபிச்சேன். ஒரு நாள்கூட ஜெபம் பண்ணலை. வாய் மட்டும் வேலை பார்த்துச்சு. அதை உங்ககிட்ட இருந்து மறைச்சேன்" என்றாள்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் இவளை விடுவார்களா என்று பயந்தேன். அப்போது ஊன்றுகோலோடு அந்தப் புகார் அலுவலகத்துப் பெண் எழுந்து, "அது எனக்குத் தெரியும். இப்ப அப்படி இல்லைங்கிறதும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

செயலாளர் தீர்மானத் தாளைக் கையில் வைத்தபடி கேட்டார். "அந்த ரெண்டு மணி நேரத்துல அப்படி என்னதான் பண்ணுறீங்க?"

"முதல்ல தூங்காம இருக்கப் பார்ப்பேன்" என்றாள். யாரோ சிரித்துவிட்டார்கள். "அப்புறம் ஒரு சங்கீதம். ஒண்ணே ஒண்ணு. அதை எனக்காகப் படிப்பேன், உங்களுக்காக இல்ல. அப்புறம் சும்மா இருப்பேன். அதுதான் கஷ்டம். கடைசியில உங்க பேரெல்லாம் சொல்லுவேன், ஒரு நாளைக்கு ஒரு தெரு. படுக்கையில இருக்கிறவங்க பேரை மட்டும் தினமும். உங்க அம்மா பேரைச் சொல்லாம ஒரு நாளும் நான் எழுந்திரிச்சதில்ல. அந்த வியாழக்கிழமையும் சொன்னேன்."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரும்புக் கடைக்காரருக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "தலைமாட்டுல ஜெபம் இல்லன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றார். அதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பழையபடி ஆணிக் குரலில் பேசினார். "தீர்மானத்தை வாபஸ் வாங்குறேன். வேற ஒண்ணு கொண்டு வரேன். எழுதிக்கோங்க. காலையில ஆறிலிருந்து எட்டு வரைக்கும் போதகரம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது. அவசரம்னா என்னைக் கூப்பிடுங்க. கடை திறக்கிறது எட்டரைக்குத்தான். நான் போய்க் கூட்டிட்டு வரேன். போதகரய்யாவை நம்பாதீங்க, அவரு மொட்டை மாடியில இருப்பாரு!"

மாமா, கோவில் அதிர்ந்தது. எத்தனை கை எழுந்தது என்று எண்ண வேண்டியதே இல்லை, எழாத கையை எண்ணினால் போதும். இரண்டு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று தீர்மானம் போட்டாலும் கை தூக்காதவர். யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள், சுருதியில்லாமல், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் வாய் திறந்து பாடினேன். பேத்தி என் தோளில் ஏறி நின்று கத்தினாள். நடுவில் நின்ற உங்கள் மகள் மட்டும் பாடவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. மறுநாள் திங்கட்கிழமை காலை, பக்கக் கதவு வழியாக ஒருவர் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தாராம். பார்த்தால் செயலாளர். அவசரம் என்று நினைத்து எழுந்தவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவரும் பேசாமல் இருந்துவிட்டு எட்டு மணிக்குக் கடைக்குப் போனார். அந்த வாரமே மூன்று பேர். இப்போது இருபத்தாறு. இரவு வேலை முடிந்து நேரே வருகிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்குப் போகும் முன் வருகிற ஆசிரியை இருக்கிறாள். பாட்டு இல்லை, மைக் இல்லை, காணிக்கைப் பை இல்லை. அவரவர் இடம், அவரவர் ஜெபம். பேத்தியைக் கிளப்பிவிட்டு நானும் கடைசி இருபது நிமிடம் போய் உட்காருகிறேன். என் ஜெபம் இன்னும் இரண்டு வரிதான். ஆனால் தினமும் சொல்கிறேன்.

இனி எழுத வேண்டியதுதான் கையில் வரமாட்டேன் என்கிறது.

அத்தை காலமான பிறகு, பிரசங்கத்துக்கு அழைத்த இடங்களைத் தவிர நீங்கள் கோவிலுக்குப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. கண் குணமானதும் இங்கே வந்து கொஞ்ச நாள் இருங்கள். பட்டறைக்கு மேலே உள்ள அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். காலையில் நடக்க முடியாவிட்டால் ஸ்கூட்டர் இருக்கிறது.

வந்தால் உங்களை யாரும் செய்தி கொடுக்கச் சொல்ல மாட்டார்கள். முடிவு ஜெபம் செய்யச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் யார் என்றே நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. நீங்கள் விரும்பினால் பேசலாம், விரும்பினால் கோபப்படலாம், நன்றாகத் தூங்கவும் செய்யலாம். உங்கள் மகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், போதகராக அல்ல. கூப்பிட்டால் அப்பா மனம் வருந்துமோ என்று அவள் எழுதவில்லை. எனக்கு அந்தப் பயம் இருந்தும் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவரை ஆசீர்வதித்த உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயதும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஆண்டவரே, எங்கள் மாமா களைத்திருக்கிறார். அவரைத் தனியாக விடாதிருங்கள்.

எந்த ரயில் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மருமகன்